இரண்டாவதாகத் தூக்கியது

துணிச்சுற்றோடு குழந்தையை வாங்கி இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்திக்கொண்டு தெக்லா கண்ணை மூடினாள். எடை பார்க்கும்போது எப்போதும் அப்படித்தான் செய்வாள். கையை லேசாக ஒரு முறை மேலே தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கி, அதற்குள் மூச்சை ஒரு தடவை மட்டும் விட்டு, பிறகு கண்ணைத் திறந்து சொல்வாள். அந்த வியாழக்கிழமையும் சொன்னாள்.

“கூடியிருக்கு. கால் பவுண்டுக்குக் குறையாது.”

ஆல்வின் ஹென்ஷின் மனைவி செல்மா மேஜையருகே நின்றுகொண்டிருந்தாள். மேஜை முழுக்க அச்சடித்த பெரிய தாள்கள். பைண்டிங் கடைக்காக அவற்றை மடித்துக் கொடுப்பது அவளுடைய வேலை. பிள்ளை பெற்ற பத்தாம் நாளே மறுபடி உட்கார்ந்துவிட்டாள். மடிப்பைத் தேய்க்கும் எலும்புக் கத்தியைக் கையில் பிடித்தபடி, குழந்தை எந்நேரமும் தூங்குகிறது என்றும், நாலு இழுப்பு இழுத்துவிட்டு மார்பிலிருந்து வாயை எடுத்துவிடுகிறது என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னாள். சாதுவான பிள்ளைகள் அப்படித்தான், கை சொல்வதை நம்பு, மற்றதைப் போட்டு மனசைக் குழப்பிக்கொள்ளாதே என்றாள் தெக்லா. செல்மாவுக்கு முகம் தெளிந்தது. ஜன்னலுக்கு வெளியே ரொய்ட்னிட்ஸ் பேட்டையின் புகைபோக்கிகள் பழுப்பு நிலக்கரிப் புகையைக் கக்கிக்கொண்டிருந்தன. குழந்தை எல்ஸ்பெத்துக்கு அன்றைக்கு ஆறு வாரம் முடிந்திருந்தது.

தெக்லாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. லைப்ஸிக் நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் முப்பத்தோரு வருஷமாக மருத்துவச்சி. கணவன் ரயில் பட்டறையில் செத்துப் பதினேழு வருஷமாகிறது. அவளுடைய கைக்கு அந்தத் தெருக்களில் ஒரு பெயர் உண்டு. இறைச்சிக் கடைக்காரன் வேடிக்கையாகப் பன்றித் தொடையை அவளிடம் நீட்டி எடை கேட்பான். அவள் சொன்னதற்கும் தராசு சொன்னதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. அவள் படித்த பிரசவ இல்லத்தில் குழந்தைகளுக்கென்று ஒரு தராசு இருந்தது. வீடுகளில் அதெல்லாம் கிடையாது, இருந்தாலும் யாரும் விடமாட்டார்கள். விற்கிற பொருளைத்தான் தராசில் வைப்பார்கள், பிள்ளையை வைத்தால் அது போய்விடும் என்று பெண்கள் பயந்தார்கள். ஆகவே தெக்லாவின் கை எல்லோருக்கும் வசதியாக இருந்தது. எடையும் தெரிந்துவிடும், பிள்ளையும் தராசில் ஏறாது. வாரம் ஒரு தடவை வந்து தூக்கிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாளென்றால் அந்த வீட்டில் அடுத்த வாரம் வரைக்கும் நிம்மதி.

அவள் வீட்டின் பின்னறையில் கஸ்பாரி என்ற மாணவன் வாடகைக்கு இருந்தான். ரீகாவிலிருந்து வந்தவன், இருபத்தைந்து வயது, நீண்ட கழுத்து. பல்கலைக்கழகத்தில் புதிதாக ஏற்படுத்தியிருந்த மனோதத்துவச் சோதனைச்சாலையில் பட்டத்துக்காக வேலை செய்துகொண்டிருந்தான். அங்கே மணி அடிப்பார்களாம். ஒருவன் அதைக் கேட்டதும் பித்தானை அழுத்துவானாம். இடையில் எவ்வளவு நேரம் போயிற்று என்று வினாடியை ஆயிரமாகப் பிளக்கும் கடிகாரம் காட்டுமாம். “இதுக்கா தம்பி உங்க வாத்தியாருக்கு அரசாங்கம் சம்பளம் குடுக்குது?” என்று தெக்லா கேட்பாள். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். கோப்பையின் அடியில் வரைந்திருக்கும் பூ தெரிகிற அளவுக்கு நீர்த்த அவளுடைய காபியைக் குடித்துவிட்டு, “உங்க காபில கொட்டை இருக்கா இல்லையான்னு கண்டுபிடிக்கவும் ஒரு முறை வச்சிருக்கோம்மா” என்பான்.

அந்தக் குளிர்காலத்தில் அவனுக்குக் கிடைத்திருந்த விஷயம் கனம். கையில் தூக்கிய இரண்டு பொருள்களுக்கிடையே எவ்வளவு வித்தியாசம் இருந்தால் மனிதனுக்கு அது தெரியும் என்பது. கூடப் படிக்கிறவர்களை வைத்தே சோதித்துக்கொண்டிருந்தான். அவர்களோ பேனாவுக்கு மேல் கனமாக எதையும் தூக்கிப் பழகாதவர்கள். தெக்லாவின் கையைப் பற்றி மாடிப்படியில் அண்டை வீட்டார் பேசக் கேட்டதும் அவனுக்கு ஆசை வந்துவிட்டது. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொடுங்கள் என்று நச்சரித்தான். தெக்லாவுக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமை இல்லாமலில்லை. சரி என்றாள்.

எடை பார்த்த அந்த வியாழன் கழிந்த ஞாயிறு அது. கோயிலுக்குப் போய் வந்து, உருளைக்கிழங்கும் தயிர்க்கட்டியும் சாப்பிட்டுவிட்டு, அடுக்களை மேஜையில் உட்கார்ந்தார்கள். கஸ்பாரி ஒரு பெட்டி நிறையத் தகர டப்பாக்களைக் கொண்டுவந்திருந்தான். எல்லாம் ஒரே அளவு, எல்லாவற்றுக்கும் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. உள்ளே ஈயக்குண்டும், அது உருளாமலிருக்கப் பஞ்சும். அவள் பார்வைக்கு மறைவாக மேஜைமேல் ஒரு அட்டையை நிறுத்திவைத்தான். முதல் டப்பாவை அவள் தூக்கி வைக்க வேண்டும். அவன் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுவான். பிறகு இரண்டாவதைத் தூக்க வேண்டும். கனமா, லேசா, சமமா என்று மட்டும் சொல்ல வேண்டும். தெக்லா கண்ணை மூடிக்கொண்டாள். கனம். லேசு. கனம். கனம். அவள் சொல்லச் சொல்ல அவன் நோட்டில் குறித்துக்கொண்டே போனான். முதல் மணி நேரம் விளையாட்டு மாதிரி இருந்தது. இரண்டாவது மணி நேரத்தில் மணிக்கட்டு வலித்தது, ஆனால் விடவில்லை. இருட்ட ஆரம்பித்ததும் விளக்கை ஏற்றிவிட்டு, எத்தனை சரி என்று கேட்டாள்.

சொல்லக் கூடாது, சொன்னால் அடுத்த முறை கை மாறிவிடும் என்று அவன் மழுப்பினான். அப்படியானால் அடுத்த முறையே கிடையாது என்றாள் தெக்லா. அவன் வேறு வழியில்லாமல் நோட்டைத் திருப்பினான். முகத்தில் சந்தோஷம் தாங்கவில்லை.

அவளுடைய கை அருமையான கை என்றான். பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தை ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை. இருபதில் ஒரு பங்கையும் பெரும்பாலும் பிடித்துவிட்டாள். அவனோடு படிக்கிற ஒருவனுக்கும் இப்படி ஒரு கை கிடையாது. தெக்லா விரல்களைத் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். இதைவிட அழகு இன்னொன்று இருக்கிறது என்றான் கஸ்பாரி. இடையிடையே நாற்பது ஜோடி டப்பாக்களைச் சரிசமமான எடையில் வைத்திருந்தான். வித்தியாசம் ஒரு குண்டுமணி கூடக் கிடையாது. அந்த நாற்பதில் இருபத்தேழு முறை இரண்டாவது கனம் என்று அவள் சொல்லியிருந்தாள். ஆறே ஆறு முறைதான் லேசு என்றாள். மீதி ஏழுதான் சமம்.

“நான் தப்பாச் சொன்னேன்னு சொல்றீங்க.”

“தப்புன்னு இல்லம்மா. எல்லாருக்கும் இப்படித்தான் வருது. முதல்ல தூக்கினது ஞாபகத்துல கொஞ்சம் கரைஞ்சிடுது. ரெண்டாவதாத் தூக்கினது கைக்குப் புதுசு. அதனால எப்பவும் அதுதான் கனமாத் தெரியும். உங்களுக்கு எவ்வளவு சுத்தமா வந்திருக்கு பாருங்க.”

தெக்லா அட்டையின் மறுபக்கம் எட்டிப் பார்த்தாள். கறுப்பு டப்பாக்கள் வரிசையாக நின்றன.

“நடுவுல எவ்வளவு நேரம் விட்டீங்க?”

“அஞ்சு வினாடி.”

“ஏழு நாள் விட்டா?”

அவன் சிரித்தான். ஏழு நாள் இடைவெளி விட்டு யாரும் சோதித்ததில்லை, அதெல்லாம் சோதனையே ஆகாது என்றான்.

“நான் முப்பத்தோரு வருஷமாச் சோதிச்சுக்கிட்டிருக்கேன் தம்பி,” என்றாள் தெக்லா.

அவன் சிரிப்பதை நிறுத்தினான். அவள் என்ன சொல்கிறாள் என்று அவனுக்குப் பிடிபடக் கொஞ்ச நேரமாயிற்று. வாராவாரம் பிள்ளையை அவள் தூக்குவதும் இரண்டாவது தூக்கல்தான் என்பது பிடிபட்டதும் கழுத்துவரை சிவந்துபோய், குழந்தை விஷயம் வேறு, அங்கே பார்ப்பதற்கு முகம் இருக்கிறது, தோல் இருக்கிறது, அழுகை இருக்கிறது, அனுபவம் இருக்கிறது என்று அடுக்கினான். அவள் எழுந்து அடுப்புக்குக் கரி போட்டாள். அவன் டப்பாக்களைச் சத்தமில்லாமல் பெட்டியில் அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

அதற்குப் பிறகு தெக்லாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தைக்க எடுத்த துணியைக் கீழே வைத்தாள். உப்பு ஜாடியைத் தூக்கினாள், வைத்தாள், சர்க்கரை ஜாடியைத் தூக்கினாள். அலமாரியிலிருந்து தன் பதிவேட்டை எடுத்துப் புரட்டினாள். ஒவ்வொரு மருத்துவச்சியும் மாவட்ட வைத்தியருக்குக் காட்டுவதற்காக எழுதி வைக்க வேண்டிய புத்தகம் அது. வரிசை வரிசையாக அவளுடைய கையெழுத்து. ஏழு பவுண்டு. ஆறே முக்கால். கூடியிருக்கிறது. கூடியிருக்கிறது. நன்றாகக் கூடியிருக்கிறது. குறைந்திருக்கிறது என்று எத்தனை முறை எழுதியிருக்கிறோம் என்று தேடிப் பார்த்தாள். வயிற்றோட்டம் வந்த பிள்ளைகளுக்கு எழுதியிருந்தாள். கண்ணுக்கே தெரிகிற மாதிரி வற்றிப்போன பிள்ளைகளுக்கு எழுதியிருந்தாள். அவற்றுக்குக் கையே வேண்டியதில்லை. போன பிப்ரவரியில் ஒரு பக்கத்தில் அவள் விரல் நின்றது. லொரென்ஸ் வீட்டுப் பையன், ஒன்பதாவது வாரம், கூடியிருக்கிறது. அது வியாழக்கிழமை. அடுத்த செவ்வாய்க்கிழமை அவன் செத்துப்போனான். வலிப்பு என்று வைத்தியர் எழுதினார். வலிப்பாகத்தான் இருக்கும் என்று தெக்லாவும் அன்றைக்கு நினைத்தாள். இப்போது அந்தப் பையனை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். முகம் வரவில்லை. கையில் இருந்த கனம்தான் வந்தது, அதையும் இனி நம்புவதற்கில்லை.

அங்கிருந்து மனம் செல்மாவின் பிள்ளைக்குத் தாவியது. எந்நேரமும் தூங்குகிறது. நாலு இழுப்பு.

விடிந்ததும் முதல் வேலையாக அங்கே போக வேண்டும் என்றிருந்தாள். திங்கட்கிழமை அவள் செருப்பு மாட்டும்போதே பக்கத்து ஃபோல்க்மார்ஸ்டார்ஃபிலிருந்து ஆள் வந்துவிட்டான், அவன் மனைவிக்கு வலி கண்டிருந்தது. முதல் பிரசவம், குறுகிய இடுப்பு. இருபத்தாறு மணி நேரம் தெக்லாவால் அந்த வீட்டைவிட்டு நகர முடியவில்லை. அவள் வேலையில் எதுவும் குறைவைக்கவில்லை. இடுப்பைத் தேய்த்துவிட்டாள், தண்ணீர் கொதிக்க வைத்தாள், கத்தாதே, மூச்சை அடக்கு, இப்போது விடு என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். ஆனால் வலிக்கும் வலிக்கும் நடுவே, அந்தப் பெண் கண்ணயரும் சில நிமிஷங்களில், செல்மாவின் அடுக்களை கண்முன் வந்து நின்றது. நவம்பரில் அந்தக் குழந்தை ஒரு ஃபிளானல் துணியில் மட்டும் இருந்தது. போன வியாழக்கிழமை அது எதில் இருந்தது? எத்தனை சுற்று? யோசித்தால் ஒரு கம்பளி நினைவுக்கு வந்தது. கம்பளிக்கு அடியில் என்ன இருந்ததென்று பார்க்கவில்லை. குளிர் நாள், எதற்கு அவிழ்ப்பது என்று விட்டுவிட்டாள். ஒரு தரம் அவள் வெறும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, ஏதாவது ஆபத்தா என்று கணவன்காரன் பயந்து கேட்டான்.

செவ்வாய்க்கிழமை முற்பகலில் ஆண் குழந்தை பிறந்தது. நல்ல குரல். பிரசவித்தவளின் அக்கா துண்டை நீட்டியபடி, எத்தனை பவுண்டு என்று ஆவலாகக் கேட்டாள். தெக்லா குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். “நல்லா இருக்கான்,” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிப்பாட்டப் போனாள். அந்த அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. இந்தக் கிழவிக்கு அசதி போலிருக்கிறது என்று அடுத்த அறையில் சொன்னது காதில் விழுந்தது.

கண் எரிய எரிய அங்கிருந்து நேரே செல்மாவின் வீட்டுக்கு நடந்தாள். தெருவில் பனி உருகிச் சேறாகியிருந்தது. குதிரை ட்ராம் ஒன்று பக்கத்தில் வந்தும் ஏறத் தோன்றவில்லை. மூன்று மாடியையும் நிற்காமல் ஏறினாள். வியாழக்கிழமை வர வேண்டியவள் செவ்வாய்க்கிழமை வாசலில் மூச்சு வாங்க நிற்பதைப் பார்த்து செல்மா பதறினாள்.

“ஒண்ணுமில்ல. பிள்ளைய அவுத்துப் பாக்கணும். அடுப்புப் பக்கத்துல கொண்டா.”

வெளியே ஒரு கம்பளிச் சால்வை. அதற்குள் இறகு திணித்த சிறு மெத்தை, நாடா போட்டுக் கட்டியிருந்தது. அதற்குள் பின்னல் சட்டை, அதற்குள் இன்னொரு பின்னல் சட்டை, ஆல்வினுடைய பழைய ஃபிளானல் சட்டையிலிருந்து வெட்டிய துண்டு இரண்டு சுற்று, அதற்கும் உள்ளே கைத்தறித் துணி. மேஜையில் தாள்களுக்குப் பக்கத்தில் துணி குவிந்துகொண்டே போனது. எப்போது இதெல்லாம் சேர்ந்தது என்று கேட்டாள் தெக்லா. வாரத்துக்கு ஒன்றாகச் சேர்ந்தது என்றாள் செல்மா. கை கால் சில்லிட்டேயிருக்கிறது, எவ்வளவு சுற்றினாலும் சூடு ஏறவில்லை, அதனால் இன்னொன்று, இன்னொன்று என்று போட்டாளாம்.

கடைசித் துணியும் விலகியது. தெக்லா குழந்தையைப் பார்த்தாள். வற்றி எலும்பாகவில்லை. அப்படி இருந்திருந்தால் தாயே பார்த்திருப்பாள். ஆனால் தொடையின் உள்பக்கத்தில் தோல் மடிந்திருந்தது. பிறந்த குழந்தையின் கைபோலவே இருந்தது கை. தினமும் பார்க்கிற கண்ணுக்கு ஒரு நாளைக்கும் மறு நாளைக்கும் என்ன வித்தியாசம் தெரியும்? வெறும் பிள்ளையைக் கையில் ஏந்தினாள். பழக்கத்தில் கண் மூடப் போயிற்று, மூடாமல் வைத்துக்கொண்டாள். கை ஏதோ சொன்னது. என்ன சொன்னது என்று அவள் காதுகொடுக்கவில்லை.

“கீழ கிரிம்மர் கடையில தராசு இருக்கில்ல?”

செல்மா குழந்தையைப் பிடுங்கிக்கொள்ளாத குறைதான். தராசா, வேண்டாம்மா, ஆல்வினுக்குத் தெரிந்தால் என்னைக் கொன்றுவிடுவார், ஊரில் எல்லோரும் உங்கள் கையைத்தானே நம்புகிறோம் என்று சொல்லிக்கொண்டே சுவரோரம் நகர்ந்தாள். தெக்லா அவளை வற்புறுத்தவில்லை. மேஜையோரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இருபத்தாறு மணி நேரத்தில் அப்போதுதான் முதல் தடவையாக உட்கார்ந்தாள்.

“செல்மா, என் கைக்குத் தெரியல. நான் துணியைத் தூக்கிப் பாத்துட்டுப் பிள்ளை கூடியிருக்குன்னு சொல்லியிருக்கேன்.”

செல்மா குழந்தையை மறுபடி ஒவ்வொரு துணியாகச் சுற்றினாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை. சுற்றி முடித்ததும் தானே முன்னால் படியிறங்கினாள்.

கிரிம்மர் கடையில் காபி, சர்க்கரை, திராட்சை, மண்ணெண்ணெய் எல்லாம் விற்கும். கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. ஆனாலும் மதியச் சாப்பாட்டு நேரமாதலால் கடையில் ஆள் இல்லை. கிரிம்மர் ஒல்லியான, எல்லாவற்றுக்கும் பயப்படுகிற மனிதர். பிள்ளையைத் தராசில் வைத்ததைப் பார்த்தால் வாடிக்கைக்காரர்கள் அதே தட்டில் சர்க்கரை வாங்குவார்களா என்று கேட்டார். பிறகு செல்மாவைப் பார்த்தார், தெக்லாவைப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு, பித்தளைத் தட்டில் சுத்தமான நீலக் காகிதம் விரித்தார். அடுப்பருகே துணியை அவிழ்த்துப் பிள்ளையைக் கிடத்தினார்கள். குளிர்ந்த பித்தளை காகிதத்தின் ஊடாக உறைத்ததும் அது முகத்தைச் சுளித்தது, அழவில்லை. மறுதட்டில் கிரிம்மர் கல்லை, பவுண்டுக்கு ஐந்நூறு கிராம் கணக்கில், ஒவ்வொன்றாக வைத்தார், எடுத்தார், சின்னதை வைத்தார்.

ஆறு பவுண்டு நாற்பது கிராம்.

துணிக்குவியலையும் தனியாகப் போடச் சொன்னாள் தெக்லா. ஒரு பவுண்டு முந்நூற்றுப் பத்து. ஏழு வாரமாக வளர்ந்தது அதுதான்.

பிறந்த அன்று ஏழு பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு என்று பதிவேட்டில் எழுதியிருந்தாள். அதுவும் கை சொன்ன எடைதான். ஆக, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சொல்லத் தன்னிடம் ஒன்றுமே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. ஆனால் பிரசவ இல்லத்தில் படித்தவளுக்கு இது போதும். ஏழு வாரப் பிள்ளை ஒன்பது பவுண்டைத் தொட வேண்டும். இது பிறந்த பிள்ளையின் எடையில் கிடக்கிறது.

செல்மா குழந்தையைத் தூக்கித் தோளில் சாத்திக்கொண்டாள். கிரிம்மர் கல்லை எடுத்து மரப்பெட்டியின் குழிகளில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தார்.

“மூணாவது வாரமே கேட்டேன்,” என்றாள் செல்மா. குரல் உயரவில்லை. “பால் பத்தலையோன்னு கேட்டேன். போன வியாழக்கிழமையும் கேட்டேன். நீங்க கைய நம்புன்னீங்க. நம்பிட்டேன்.”

தெக்லா பதில் சொல்ல வாயெடுத்தாள். எல்லோருக்கும் இப்படித்தான் வரும், முதலில் தூக்கியது கரைந்துவிடும் என்ற கஸ்பாரியின் வார்த்தைகள்தான் நாக்கில் நின்றன. அவற்றை விழுங்கிவிட்டாள்.

அன்று சாயங்காலத்துக்குள் நடக்க வேண்டியதெல்லாம் நடந்தது. ஏழைகளுக்கான மருத்துவமனைக்குப் பிள்ளையைக் கொண்டுபோனார்கள். வைத்தியர் நெஞ்சைத் தட்டிக் கேட்டுவிட்டு, நோய் என்று எதுவும் இல்லை, பட்டினிதான் என்றார். பால் குறைவாக இருந்திருக்கிறது. பலம் இல்லாததால் பிள்ளை சரியாக இழுக்கவில்லை, இழுக்காததால் பால் இன்னும் குறைந்திருக்கிறது. தெக்லா இரண்டு தெரு தள்ளியிருந்த ஹெட்விக் என்ற பெண்ணிடம் ஓடினாள். மூன்று மாதத்துக்கு முன்னால் தெக்லாதான் அவளுக்குப் பிரசவம் பார்த்தாள். அவளுடைய பையன் ஒருபுறம் குடித்துவிட்டு மறுபுறம் வழியவிடுகிறவன். “எனக்குத் துணி நனையறது மிச்சம், கொண்டாங்க,” என்றாள் ஹெட்விக். தினமும் ஆறு முறை பிள்ளையை அங்கே தூக்கிப்போக வேண்டும், குடிக்காவிட்டால் பீய்ச்சிக் கரண்டியால் ஊட்ட வேண்டும். எல்ஸ்பெத்தும் முதலில் கரண்டியில்தான் குடித்தாள்.

ஆல்வின் அச்சுக்கூடத்திலிருந்து வந்ததும், என் பிள்ளை என்ன காபிக்கொட்டையா என்று கத்தினானாம். செல்மா அதைத் தெக்லாவிடம் சொன்னாள். சமாதானமாகச் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் இப்போது பேச்சு அவ்வளவுதான். எத்தனை மணிக்குக் குடித்தாள், எவ்வளவு நேரம், துணி எத்தனை முறை நனைந்தது. தெக்லா தினமும் வந்தாள், கேட்டாள், போனாள். பிள்ளையை வாங்கித் தூக்கவில்லை. செல்மாவும் நீட்டவில்லை.

மூன்று நாள் கழித்து வெள்ளிக்கிழமை கிரிம்மர் கடையில் எடை போட்டபோது ஆறு பவுண்டு பத்து கிராம் இருந்தது. முப்பது குறைவு. போன முறை குடித்துவிட்டு வந்தாள், இந்த முறை குடிக்காமல் வந்திருக்கிறாள், அதுவாக இருக்கும் என்று தெக்லா சொன்னாள். சொல்லும்போதே, அதுவும் தெரியாமல் சொல்கிற வார்த்தைதானே என்று தோன்றி, பாதியில் நிறுத்தினாள். திங்கட்கிழமை ஆறு பவுண்டு முப்பத்தைந்து. அன்றைக்குத் தட்டில் தடித்த காகிதம் விரித்திருந்ததாகக் கிரிம்மர் பிறகு சந்தேகப்பட்டார். காகிதத்தைத் தனியே நிறுத்துப் பார்த்தால் எட்டு கிராம். தெக்லாவுக்கு அந்த எட்டு கிராமைச் சுமந்துகொண்டு வீடு வரை நடப்பதே பெரிய பாடாக இருந்தது. மற்ற வீடுகளுக்கும் போய்க்கொண்டுதான் இருந்தாள். எல்லா இடத்திலும் பிள்ளையை முழுக்க அவிழ்க்கச் சொன்னாள், மார்பில் வாயை வைக்கச் சொல்லி விழுங்குகிற சத்தத்தை எண்ணினாள். குளிரில் எதற்கு இந்தக் கொடுமை என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். பழைய மாதிரி தூக்கிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று இரண்டு பேர் கேட்டார்கள். ஒருத்தி அடுத்த தெரு மருத்துவச்சியை வைத்துக்கொண்டாள்.

கஸ்பாரி அந்த வாரம் முழுக்க அவள் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தான். ஒரு காலையில் அடுக்களைக்கு வந்து, காபியைத் தொடாமல், வாத்தியாரிடம் இதைச் சொன்னதாகச் சொன்னான். ஏழு நாள் இடைவெளி அளவுக்கு அடங்காது, அதைச் சோதனையாக எழுத முடியாது என்று அவர் சொல்லிவிட்டாராம். சோதனைச்சாலையில் நுணுக்கமான தராசு ஒன்று இருக்கிறது, வேண்டுமானால் கேட்டு வாங்கி வருகிறேன் என்றான். அதில் பிள்ளையை வைக்க முடியாது, பெரிய கரண்டி அளவுதான் தட்டு என்று அவனே பிறகு சொன்னான். தெக்லாவுக்கு அவன்மேல் கோபம் இல்லை. கோபப்பட்டுப் பார்த்தாள், வரவில்லை.

“ஒண்ணு கேக்கணும் தம்பி. தப்பு எப்பவும் அந்தப் பக்கம்தான் சாயும்னு தெரிஞ்சப்புறம் தூக்கினா, கை சரியாச் சொல்லுமா?”

அவன் நிஜமாகவே யோசித்தான். அதைத் தன்மேலேயே சோதித்துப் பார்த்திருப்பதாகச் சொன்னான். “தெரிஞ்சுக்கிட்டு தூக்கினாலும் ரெண்டாவதுதாம்மா கனமா இருக்கு.”

கிறிஸ்துமஸுக்கு முந்தின வியாழக்கிழமை கடையில் நிற்க இடமில்லை. பண்டிகை ரொட்டிக்குத் திராட்சையும் பாதாமும் எலுமிச்சைத் தோலும் வாங்க ரொய்ட்னிட்ஸ் பெண்கள் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். கிரிம்மர் கதவைச் சாத்த முடியாது. பின்பக்கத்துச் சாக்கு அறைக்குத் தராசைத் தூக்கிக்கொண்டு போனார். அப்படியும் நாலைந்து பெண்கள் கூடையோடு நிலைப்படியில் வந்து நின்றுவிட்டார்கள். விஷயம் தெருவுக்கே தெரிந்திருந்தது. அவர்களில் ஒருத்தி லொரென்ஸ் வீட்டுக்காரி. தெக்லா அவளைப் பார்த்தாள். அவள் தெக்லாவைப் பார்க்கவில்லை, கழுத்தை நீட்டித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்ஸ்பெத் அன்றைக்கு அழுதாள். துணியை அவிழ்க்க ஆரம்பித்ததும் தொடங்கியது, பித்தளைத் தட்டில் முதுகு பட்டதும் வீறிட்டாள். கால் இரண்டையும் உதைத்தாள், கையை வீசினாள். அழட்டும், அழுவதற்கு இப்போது தெம்பு இருக்கிறது என்று நிலைப்படியில் யாரோ சொன்னார்கள். பிள்ளை உதைக்க உதைக்கத் தராசின் தண்டு குதித்தது, முள் ஓரிடத்தில் நிற்கவில்லை. கிரிம்மர் ஆறு பவுண்டுக் கல்லுக்கு மேல் நூறு கிராமை வைத்தார். இன்னும் வேண்டுமா, எடுக்க வேண்டுமா என்று சொல்ல முடியவில்லை. இருபது கிராம் கல் ஒன்றை விரல் நுனியில் பிடித்தபடி காத்திருந்தார்.

செல்மா குனிந்து தன் சுட்டுவிரலை நீட்டினாள். குழந்தை அதை இறுகப் பற்றிக்கொண்டு, இரண்டு விக்கல் விக்கி, அழுகையை நிறுத்தியது. உதைத்த கால்கள் தணிந்தன. பிள்ளையின் தட்டு இறங்கி நின்றது. கிரிம்மர் இருபதை வைத்தார், மேலும் ஐம்பதை வைத்தார். அப்படியும் தட்டு எழவில்லை. நிலைப்படியில் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“விரல எடு செல்மா,” என்றாள் தெக்லா.

செல்மா அசையவில்லை. அவள் கை முழங்கை வரை தளர்ந்து கிடந்தது. அதன் கனம் முழுக்க அந்தச் சின்னப் பிடியில் தொங்கியது.

“கையோட கனமும் சேந்துடும்மா. எடுத்துடு.”

கொஞ்ச நேரம் கழித்து செல்மா விரலை மெதுவாகத் திருப்பித் திருப்பி உருவினாள். குழந்தை விடவில்லை. நகம் வரை பிடித்துக்கொண்டு வந்து, பிறகு விட்டது. வெறும் காற்றில் அந்தக் கை திறந்து மூடியது. பிள்ளையின் தட்டு மேலே எழும்பியது. ஒரு விரற்கடை, அதற்கும் கொஞ்சம் மேலே. நின்று, திரும்ப இறங்கத் தொடங்கியது. கிரிம்மரின் கை கல்லுக்கு மேலே அப்படியே நின்றது. முள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.